சட்டம் தந்ததும் சாளரம் தடுத்ததும்

(உரையின் எழுத்து வடிவம்)



ஏழைக்கு உதவித்தொகை தருவோம் என்று சட்டம் இயற்றுவது ஒரு நாள் வேலை. அத்தொகை திங்கள்தோறும் தவறாமல் அவன் கையில் போய்ச் சேருமாறு செய்வதோ ஓர் அரசின் வாழ்நாள் வேலை. முன்னதைச் செய்துவிட்டு மாலை வாங்கிக் கொண்ட ஆட்சியாளர் பலர். பின்னதைச் செய்து முடித்தவர் எந்நாட்டிலும் மிகச் சிலரே. சட்டம் கையொப்பமாகும் மேசைக்கும், பணம் எண்ணிக் கொடுக்கும் சாளரத்திற்கும் இடையே எத்தனை படிகள், எத்தனை பதிவேடுகள், எத்தனை பூட்டுகள்! அவ்விடைவெளியில் ஏழையின் உரிமை எவ்வாறெல்லாம் சிக்கித் தவிக்கின்றது என்பதை ஒரு நாட்டின் கதைகொண்டு பார்த்தல் தகும். அந்நாடு தென்னாப்பிரிக்கா.

தமிழர்க்கு அது முற்றும் வேற்று நாடன்று. 1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள், சென்னையிலிருந்து சென்ற ‘துரூரோ’ என்னும் கப்பல் தர்பன் துறையை அடைந்தது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற முதற் கூட்டம் அது. பின்னர்ச் சென்னைத் துறையிலிருந்து சென்ற கப்பல்களிலும் தமிழரும் தெலுங்கருமே மிகுதி. அவ்வாறு சென்ற ஒவ்வொரு கூலிக்கும் அரசு ஓர் எண் இட்டது. பெயர், தந்தை பெயர், அகவை, ஊர், உடலடையாளம் எனப் பதிவேட்டில் எழுதி வைத்தது. ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமலும், மறு ஒப்பந்தம் செய்யாமலும் அங்கேயே தங்குவோர் ஆண்டுக்கு 3 பவுன் வரி கட்ட வேண்டும் என்று 1895ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது. பின்னர் 16 அகவை கடந்த ஆண்பிள்ளைகளும் 13 அகவை கடந்த பெண்பிள்ளைகளுங் கூட அவ்வரிக்கு உட்படுத்தப்பட்டனர். கட்டாதவர் வழக்குமன்றத்திற்கு இழுக்கப்பட்டனர். 1914இல்தான் அவ்வரி ஒழிந்தது.

வரி கேட்கும் பொழுது அரசுக்கு ஆளடையாளம் தெரிந்திருந்தது என்பதை மட்டும் இங்கே நினைவிற் கொள்க.

1928இல் அந்நாட்டில் முதியோர் உதவித்தொகைச் சட்டம் வந்தது. வெள்ளையர்க்கும் கலப்பினத்தார்க்கும் தொகை உண்டு. கறுப்பின மக்களுக்கும் இந்தியர்க்கும் இல்லை! கறுப்பின முதியோரை அவர்தம் சுற்றத்தார் வழக்கப்படி காத்துக் கொள்வர் என்பது அன்று சொல்லப்பட்ட கரணியம். கரும்பு வெட்டிக் கை தேய்ந்த தமிழ்க் கிழவனுக்குச் சட்டத்தின் ஏட்டிலேயே இடமில்லை. 1944இல் இரு திறத்தாரும் சேர்க்கப்பட்டனர். ஆயின் இனத்துக்கு ஏற்பத் தொகை வேறுபட்டது. வெள்ளை மூதாட்டிக்கு ஒரு விலை, இந்திய மூதாட்டிக்கு ஒரு விலை, கறுப்பின மூதாட்டிக்கு எல்லாவற்றிலும் தாழ்ந்த விலை. கறுப்பின முதியோர்க்கு நெடுங்காலம் இரண்டு திங்களுக்கு ஒரு முறையே பணம் வழங்கப்பட்டது. பசி மட்டும் இரண்டு திங்களுக்கு ஒரு முறை வந்ததில்லை. எல்லா இனத்தார்க்கும் ஒரே தொகை என்னும் நிலை 1993இல்தான் வந்தது. முதற் சட்டத்திற்கும் அதற்கும் இடையே 65 ஆண்டுகள்.

இதுவரை சொன்னது சட்டத்தின் கொடுமை. சட்டம் நல்லதாகிய பின் நேர்ந்தவையே இவ்வுரையின் பொருள்.

1994இல் இனவெறியாட்சி வீழ்ந்தது. 1996ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, தம்மையும் தம்மைச் சார்ந்தோரையும் காக்க இயலாதார் அனைவர்க்கும் உதவி பெறும் உரிமை உண்டு என்று எழுதியது. ‘உதவி’ என்ற சொல்லைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கொடுப்பவன் உயர்ந்தோன், பெறுபவன் தாழ்ந்தோன் என்ற எண்ணம் அச்சொல்லுக்குள் ஒட்டிக் கொண்டுள்ளது. அரசமைப்பு ‘உரிமை’ என்றது. அலுவலகச் சாளரத்துக்குப் பின்னால் அமர்ந்திருந்தவரோ அதை ‘உதவி’ என்றே படித்தனர். பின்னர் வந்த தொல்லைகளுள் பாதி இவ்விரு சொற்களுக்கு இடையே பிறந்தவை.

புதிய அரசு ஒரே பதிவேட்டைப் பெறவில்லை. இனத்திற்கொரு துறை, ‘தாயகம்’ என்ற பெயரால் வெட்டி ஒதுக்கப்பட்ட நிலத்துண்டுக்கொரு துறை என்று பிரிந்து கிடந்த ஏடுகளின் குப்பையைப் பெற்றது. கிழக்குக் கேப் மாநிலத்தில் திரான்சுகெய், சிசுகெய் என்னும் இரு ‘தாயகங்களின்’ ஏடுகளும் பழைய கேப் மாநில ஏடுகளும் ஒன்றாகக் கொட்டப்பட்டன. இறந்தவர் பெயர் இருந்தது. இல்லாதவர் பெயர் இருந்தது. ஒருவரே இருமுறை இருந்தார். ஏட்டைத் துப்புரவு செய்ய வேண்டியது அரசின் கடமைதான். அம்மாநில அரசு அதை எவ்வாறு செய்தது? உடற்குறையுற்றோர் பல்லாயிரவர்க்கு வந்து கொண்டிருந்த தொகையை முன்னறிவிப்பின்றி, அவர் பக்கத்துச் சொல்லைக் கேளாமல் நிறுத்தியது. “மீண்டும் வேண்டுகை எழுதித் தகுதியை மெய்ப்பித்துக் கொள்க” என்றது. கால் இழந்தவன் கால் முளைக்கவில்லை என்பதற்குச் சான்று தேடி மலைப்பாதையில் ஊர்ந்து வரவேண்டும்!

ஒருவர் ஒருவராக வழக்காடியிருந்தால் அவர்கள் வாழ்நாள் போதாது. எனவே சிலர் முன்னின்று, பாதிக்கப்பட்ட அனைவர் சார்பிலும் ஒரே வழக்காகத் தொடுத்தனர். அவ்வாறு தொடுக்க இசைவளித்த நடுவர் யோகான் புரோனமன். மாநில அரசு மேல்முறையீடு செய்தது. ‘இவர்கள் கூட்டாக வழக்காட முடியாது’ என்பதே அதன் வாதம். 2001ஆம் ஆண்டு ஆகத்து 31ஆம் நாள் மேல்முறையீட்டு முறைமன்றத்தில் எட்வின் கேமரன் எழுதிய தீர்ப்பு, அவ்வாதத்தைத் தள்ளியது. நிறுத்தியது சட்டத்திற்கு மாறானது என்பதை மறுக்காமலே, எத்தனை பேரை நிறுத்தினோம் என்பதை மட்டும் குறைத்துக் கொள்ள ஓர் அரசு முயன்ற காட்சி அது. புரோனமன் என்ற பெயரை நினைவில் வைத்துக் கொள்க, மீண்டும் வரும்.

குழந்தைகளுக்கான தொகை 1998இல் தொடங்கியது. பிரான்சி இலண்டு என்னும் அம்மையார் தலைமையில் அமைந்த குழுவின் பரிந்துரை அது. 7 அகவைக்குட்பட்ட குழந்தைக்குத் திங்களுக்கு 100 இரேண்டு (இரேண்டு என்பது அந்நாட்டு நாணயம்). சிற்றூரில் வீட்டிலேயே பிறந்த குழந்தைக்குப் பிறப்புச் சான்று ஏது? சான்று இல்லையேல் தொகை இல்லை. தாய் இறந்து பாட்டியிடம் வளரும் பிள்ளைக்குச் சான்று பெறத் தாயின் அடையாள ஏடு வேண்டும். அது தாயோடு போயிற்று. யாருக்கு அத்தொகை மிகமிகத் தேவையோ அவர்களே இவ்வாறு வெளியில் நின்றனர். குழந்தை நல அமைப்புகள் வழக்குத் தொடுத்த பின், 2008இல், ஆவணம் இல்லாதார் உறுதிமொழி எழுதிக் கொடுத்தும் வேண்டலாம் என்று விதி வந்தது. பத்தாண்டுகள்! அப்பத்தாண்டுகளில் 7 அகவை கடந்து தகுதியை இழந்த பிள்ளைகள் உண்டு.

இனி இக்கதையின் நடுப்பகுதி. சற்று விரித்தே சொல்ல வேண்டும்.

மாநிலத்துக்கொரு முறை வேண்டா, நாடு முழுவதற்கும் ஒரே அமைப்பு வேண்டும் என்று 2004இல் சட்டம் இயற்றி, ‘சாசா’ எனச் சுருக்கமாக வழங்கும் குமுகப் பாதுகாப்பு முகவாண்மையை அமைத்து, 2006இல் பணி தொடங்கினர். நல்லதே. ஆனால் அவ்வமைப்பு பணம் வழங்கும் பணியைத் தான் செய்யவில்லை. 2012இல் ‘கேசு பேமாசுட்டர் சர்வீசசு’ என்னும் தனியார் நிறுவனத்திடம் நாடு முழுவதற்குமான வழங்கலை ஐந்தாண்டுக்கு ஒப்படைத்தது. பெறுநர் ஒருவர்க்குத் திங்களுக்கு 16 இரேண்டு 44 காசு கூலி. ஒப்பந்தத்தின் மதிப்பு ஏறத்தாழ 1,000 கோடி இரேண்டு.

அந்நிறுவனம் என்ன செய்தது? நாட்டிலுள்ள உதவித்தொகை பெறுநர் அனைவரையும் வரவழைத்து விரல்வரி எடுத்தது. குரலைப் பதிவு செய்தது. கிரிண்டுராடு என்னும் வங்கியில் கணக்குத் தொடங்கி அட்டை கொடுத்தது. ஏமாற்றுவோரைப் பிடிக்கவே இத்தனையும் என்று சொல்லப்பட்டது. ஆனால் அந்நிறுவனத்தோடு பிறந்த உடன்பிறப்பு நிறுவனங்கள் சில இருந்தன. ஒன்று கடன் விற்றது. ஒன்று ஈமச்சடங்குக் காப்பீடு விற்றது. ஒன்று கைப்பேசிப் பேச்சுநேரமும் மின்கட்டண முன்பணமும் விற்றது. எவர் கணக்கில் எந்நாளில் எவ்வளவு பணம் விழும் என்பதை ஒரே குடும்பம் அறிந்திருந்தது. பணம் விழுந்த அன்றே, பெறுநர் சாளரத்துக்கு வந்து சேருமுன்னே, பிடித்தம் போய்விட்டது! தாம் வாங்காத பேச்சுநேரத்துக்குப் பணம் பிடிக்கப்பட்டதாக மூதாட்டியர் முறையிட்டனர். கைப்பேசியே இல்லாதவரும் அவ்வாறு முறையிட்டனர். முறையீட்டைக் கேட்க வேண்டிய அலுவலர் நிறுவனத்தைக் கைகாட்டினர். நிறுவனம் தொலைபேசி எண்ணைக் கைகாட்டியது.

இதை ஊர் ஊராகச் சென்று எழுதி வாங்கி அம்பலப்படுத்தியது ‘கருங்கச்சை’ என்னும் அமைப்பு. 1955இல் கலப்பினத்தாரின் வாக்குரிமையைப் பறிக்கும் சூழ்ச்சியை எதிர்த்து, வெள்ளை மகளிர் சிலர் தோளில் கறுப்புக் கச்சை அணிந்து தெருவில் வாய்மூடி நின்றனர். அவர் தொடங்கியது அவ்வமைப்பு. இனவெறியாட்சி வீழ்ந்ததும் “வேலை முடிந்தது” என்று வீடு திரும்பாமல், ஏழையின் தொகை அவன் கைக்குப் போய்ச் சேர்கின்றதா என்று பார்ப்பதைத் தம் பணியாகக் கொண்டது. போராட்டம் முடிந்த பின் கணக்குப் பார்க்கும் பொறுமை எல்லா இயக்கத்துக்கும் வாய்ப்பதில்லை.

ஒப்பந்தம் தந்த முறையே பிழையானது என்று, தோற்ற மற்றொரு நிறுவனம் வழக்குத் தொடுத்திருந்தது. 2013 நவம்பர் 29ஆம் நாள் அரசமைப்பு முறைமன்றம் அவ்வொப்பந்தம் செல்லாது என்று தீர்த்தது. ஒப்பந்தப்புள்ளிக்கான கெடு முடியச் சில நாள்களே இருந்தபோது விதியை மாற்றியதும், மாற்றத்தைத் தெளிவாகச் சொல்லாததும், கறுப்பின மக்களின் பங்கு குறித்து நிறுவனம் கூறியதை ஆய்ந்து பாராததும் குற்றங்கள். தீர்ப்பை எழுதியவர் அதே புரோனமன்.

ஒப்பந்தம் செல்லாதெனின் அதை அன்றே கிழித்தெறிய வேண்டாவா? எறிந்தால் மறுதிங்கள் ஒரு கோடிக்கும் மேற்பட்ட தொகைகள் நின்றுவிடும். பதிவேடு நிறுவனத்திடம், விரல்வரி நிறுவனத்திடம், பணம் ஏற்றிச் செல்லும் வண்டிகள் நிறுவனத்திடம். எனவே 2014 ஏப்பிரலில் முறைமன்றம், செல்லாத அவ்வொப்பந்தத்தைச் சில காலம் உயிரோடு வைத்திருக்க நேர்ந்தது. சட்டத்துக்கு மாறான ஒப்பந்தத்தால் ஊதியம் அடையும் உரிமை நிறுவனத்துக்கு இல்லை என்றும் சொல்லி வைத்தது. களஞ்சியத்தின் திறவுகோலைக் கணக்கனிடம் கொடுத்துவிட்டவன் அக்கணக்கனை விலக்கவும் முடியாமல் நின்றான்.

புதிய ஒப்பந்தம் தரப்போவதில்லை, 2017 மார்ச்சு 31க்குள் பணியைத் தாமே ஏற்போம் என்று சாசா 2015இல் முறைமன்றத்துக்கு உறுதி கூறியது. ஏற்க முடியாது என்பது 2016 ஏப்பிரலிலேயே அதன் பொறுப்பாளர்க்குத் தெரிந்துவிட்டது. எனினும் முறைமன்றத்திடம் சொல்லவில்லை. ஓராண்டு வாளா இருந்தனர். 1 கோடியே 70 இலக்கம் தொகைகள், திங்களுக்கு 1,000 கோடி இரேண்டுக்கு மேற்பட்ட பணம். ஏப்பிரல் முதல் நாள் யார் வழங்குவார் என்பது மார்ச்சு நடுவிலும் எவருக்கும் தெரியாது. கருங்கச்சை அமைப்பு முறைமன்றத்தின் கதவைத் தட்டியது. 2017 மார்ச்சு 17ஆம் நாள், கெடுவுக்கு இரண்டே கிழமை இருந்தபோது, அதே நிறுவனமே மேலும் 12 திங்கள் வழங்க வேண்டும் என்று ஆணை பிறந்தது. எழுதியவர் மீண்டும் புரோனமன். கிழக்குக் கேப்பில் தொடங்கிய வழக்கு முடிந்து பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும், அதே நடுவர் அதே ஏழைகளுக்காக அரசுக்குத் தாள் எழுத வேண்டியிருந்தது.

முறைமன்றம் அத்தோடு விடவில்லை. குமுக நல அமைச்சர் பாத்தபிலே துலாமினி தம் கடமையை மறைத்தாரா என்று ஆராயச் செய்தது. 2018 செபுதம்பரில், வழக்குச் செலவில் ஐந்தில் ஒரு பங்கை அவர் தம் கைப்பணத்திலிருந்து செலுத்த வேண்டும் என்றது. அவ்வாய்வில் பொய்யுரைத்ததற்காக 2022இல் அவர் குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டு 200,000 இரேண்டு தண்டம் விதிக்கப்பட்டார். பாதி நிறுத்தி வைக்கப்பட்டது. ஏழையின் தொகை பற்றிய வழக்கில் அமைச்சர் ஒருவர் தம் பணப்பையைத் திறக்க நேர்ந்தது உலகில் அரிய நிகழ்ச்சி. நிறுவனமோ, குழந்தைகளைக் கூடுதலாகப் பதிவு செய்ததாகச் சொல்லி வாங்கிய 31 கோடியே 60 இலக்கம் இரேண்டைத் திருப்பித் தரவேண்டும் என்று 2018இல் உயர்முறைமன்றம் ஆணையிட்டது. மறு ஆண்டு மேல்முறையீடும் தோற்றது. 2020இல் அந்நிறுவனமே கலைப்புக்குச் சென்றது.

2018இல் பணி அரசு அஞ்சலகத்துக்கு வந்தது. தனியார் கையிலிருந்து அரசின் கைக்கு! மகிழ வேண்டிய செய்தியே. ஆனால் பழைய நிறுவனத்தின் வண்டிகள் ஊர்ப்புறத் திடல்களிலும் மரத்தடிகளிலும் நின்று வழங்கிய இடங்களுட் பல மூடப்பட்டன. வங்கி எந்திரத்துக்கோ கடைக்கோ போய் எடுத்துக் கொள்ளலாம் என்றனர். போகும் வழிக்கு வண்டிச் சத்தம் யார் தருவார்? அதனினும் பெரிய கேடு உள்ளே நடந்தது. அஞ்சலக வங்கியின் அட்டைகள் அனைத்தையும் காக்கும் மறைகுறித் திறவெண்ணை, 2018 திசம்பரில், பிரிட்டோரியாவிலுள்ள பழைய கணினி நடுவத்தில் பணியாளர் சிலர் வெறுந்தாளில் அச்சிட்டு எடுத்துக் கொண்டனர் என்பது 2020இல் வெளிவந்தது. திருடு போனது 5 கோடியே 60 இலக்கம் இரேண்டு. மாற்ற வேண்டிய அட்டைகள் ஒரு கோடியே 20 இலக்கம்.

நெடுங்காலம் ஐயத்துக்கு ஆளானது யார்? கிழவியின் கட்டைவிரல். அவள் ஒரு தொகையை இருமுறை வாங்கிவிடுவாளோ என்று குரலைப் பதிந்தார்கள், விரலைப் பதிந்தார்கள், ஏட்டை நிறுத்தினார்கள். ஏழைகளுள் பொய்யுரைப்போர் இல்லை என்பதன்று. ஆனால் பெருங்களவு சாளரத்தின் வெளியே நின்ற வரிசையில் நடக்கவில்லை, உட்புறத்தில் நடந்தது. காவலோ முழுவதும் வெளிப்புறம் பார்த்தே நின்றது.

2023 செபுதம்பரில் அதே அஞ்சலக வங்கியின் கணினி பழுதுபட்டுப் பல நூறாயிரம் முதியோர்க்குக் குறித்த நாளில் பணம் வரவில்லை. கடைகளின் முன் இரவு முழுதும் காத்துக் கிடந்தனர்.

நோய்த்தொற்றுக் காலத்துக் கதை ஒன்றையும் சொல்லாமல் இவ்வுரையை முடித்தல் இயலாது. ஊரடங்கின்போது காலம் முடிந்த தற்காலிக உடற்குறைத் தொகைகளை 2020 திசம்பர் 31 வரை நீட்டித்தனர். அன்றோடு இரண்டு இலக்கத்துக்கும் மேற்பட்டோர் தொகை ஒரே நாளில் நின்றது. புதுப்பிக்க மருத்துவச் சான்று வேண்டும். அலுவலகங்களோ நோயச்சத்தால் குறைந்த ஆட்களோடு இயங்கின. கேப்டவுனை அடுத்த பெல்வில் என்னும் இடத்தில் விடியுமுன்னே வரிசை நின்றது. ஊன்றுகோலோடும் உருளிருக்கையோடும் வந்தவர்கள். 2021 சனவரி 15ஆம் நாள், அவர்கள் நெருங்கி நின்றார்கள் என்பதற்காகக் காவலர் அவர்கள்மீது நீரைப் பீய்ச்சியடித்தனர். அன்று அங்கு வந்திருந்த குமுக நல அமைச்சர் கவச வண்டிக்குள் இருந்தவாறே மக்களிடம் பேசினார்.

வேலையற்றோர்க்கென 2020 ஏப்பிரல் திங்களில் 350 இரேண்டுத் தொகை ஒன்று அறிவிக்கப்பட்டது. வேண்டுகையைக் கைப்பேசி வழியாகவோ கணினி வழியாகவோதான் செலுத்த வேண்டும். வேண்டுகையைப் படித்துத் தீர்ப்பதும் கணினியே. என்றோ விட்டுப்போன வேலையில் இன்னும் இருப்பதாகப் பழைய ஏடொன்று சொன்னால் ‘இல்லை’ என்று விடை வரும். உறவினர் ஒருவர் அரிசிக்கு அனுப்பிய பணம் வங்கிக் கணக்கில் தெரிந்தால் அது வருமானம் எனப்பட்டு மீண்டும் ‘இல்லை’. மேல்முறையீடு செய்யலாம், ஆனால் புதிய சான்று எதையும் காட்டலாகாது! சாளரத்தில் கடுகடுக்கும் அலுவலரிடமாவது கெஞ்சலாம், வாதாடலாம், ஊர்ப்பெரியவரை அழைத்து வரலாம். கணினியிடம் யார் போய் முறையிடுவது?

2025 சனவரி 23ஆம் நாள், பிரிட்டோரியா உயர்முறைமன்றம் இம்முறைகளுள் பெரும்பாலானவை அரசமைப்புக்கு மாறானவை என்று தீர்த்தது. கணினி வழியன்றி நேரிலும் வேண்டுகை தர வழி வேண்டும். கணக்கில் விழுந்த எல்லாப் பணத்தையும் வருமானமாகக் கொள்ளலாகாது. மேல்முறையீட்டில் புதுச் சான்று ஏற்கப்பட வேண்டும் என்றது. அரசு அத்தீர்ப்பை ஏற்கவில்லை. மேல்முறையீட்டுக்கு இசைவு கேட்டது. அத்தொகை அப்போது திங்களுக்கு 370 இரேண்டு.